ஞாயிற்றுக்கிழமைக் கார்

எட்டு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய அமெரிக்கக் கார், சிவப்பிரகாசத்தின் வீட்டு ஷெட்டில் பல வருஷமாகக் கிடந்தது. ஞாயிறுதோறும் அவர் வந்து அதில் எதையாவது கழற்றுவார். மாட்டுவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். பின்சீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

"அடுத்த வாரம் நான் ஓடப்போறேன். வேற இடம் பார்த்துக்கோ," என்றது கார்.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே. அப்போ பிறந்த குட்டிங்க இப்போ தாயாயிடுச்சு," என்றது பூனை.

ஆனால் ஒரு ஞாயிறு எஞ்சின் நிஜமாகவே உறுமியது. பூனை பதறிப்போய்க் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மதிலோரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிவப்பிரகாசம் கண் கலங்கக் காரைக் கடற்கரைச் சாலை வரை ஓட்டிவிட்டு வந்தார். தெருவே நின்று பார்த்தது.

"இப்பவாவது நம்புறியா?" என்றது கார்.

"நம்புறேன். என் குட்டிங்கதான் வெயில்ல காயுது," என்றது பூனை.

அடுத்த ஞாயிறு கார் விடிந்ததிலிருந்தே தயாராக நின்றது. சிவப்பிரகாசம் வந்தார். அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முடுக்க ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. அவர் முகம் வாடிவிட்டது. கடைசியில் பானெட்டைத் திறந்து, இன்னும் ஸ்டார்ட் செய்யாத எஞ்சினில் காதை வைத்தார்.

"ஏதோ சத்தம் வருதே!" என்றவர், முகம் மலர ஸ்பானரை எடுத்தார்.

"ஐயோ, எனக்கு ஒரு வியாதியும் இல்லையே!" என்று அலறியது கார்.

"வைத்தியம் உனக்குன்னு யார் சொன்னா?" என்றது பூனை.