மூன்றாவது சாட்சி

“இந்தக் கதவுதான் இசக்கி உன் கல்யாணத்தக் கெடுத்துச்சு” என்று மாரிராஜ் ஷீல்டு ரூமின் இரும்புக் கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

தங்கை இசக்கிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள். ஐ.டி. கார்டை ஒப்படைத்துவிட்டு, அண்ணனிடம் சொல்லிக்கொண்டு போக இன்றுதான் முதல் தடவையாக டெஸ்டிங் பக்கம் வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே வேனில் சித்தப்பா காத்திருந்தார். ஊருக்குப் போனதும் நிச்சயம். மாப்பிள்ளை சித்தி வகையில் யாரோ.

“வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில வச்சு, சாட்சிக் கையெழுத்துப் போட வாரேன்னு சொன்னவன் நான். பெர்மிஷன் கூட வாங்கிட்டேன். கெளம்புத நேரம் பாத்து அவசர லாட்டுன்னு இதுக்குள்ள அனுப்பிட்டாவ. போன் சட்டைப் பையிலதான் கெடந்தது. ஒரு மிஸ்டு கால் கூடக் காட்டல இசக்கி.”

“நீ என்னண்ணே செய்வ?” என்றாள் அவள். “நானும் போன் அடிச்சு அடிச்சு, உன் காலர் டியூன் முருகன் பாட்டையே கேட்டுக்கிட்டு ரெஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல நின்னேன். மூணாவது சாட்சி வந்தாத்தான் கையெழுத்துன்னு அந்த ஆபீசரம்மா கறாராச் சொல்லிட்டாவ. உனக்காகக் காத்துக் கெடந்த நேரத்துல சித்தப்பா வேன் வந்துட்டு.”

தென்காசியிலிருந்து அந்த வேன் இரவோடு இரவாக வந்திருந்தது. அப்படியென்றால் முந்தின நாளே யாரோ ஊருக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

“யாரோ என்ன யாரோ? உன்னக் கட்டிக்கிடுதேன்னு சொன்ன அந்த நிர்மல் பயதான்” என்று மாரிராஜ் பல்லைக் கடித்தான். “வேற மதத்துப் பிள்ளைன்னு அவன் அம்மா குதிச்சிருப்பா. பய பயந்துட்டான். அவனே சித்தப்பாவுக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டு, ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி உன் பக்கத்துல வந்து நின்னிருக்கான்.”

அண்ணன் சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பியிருந்தாள். அன்றிலிருந்து நிர்மல் கூப்பிடுவதும், அவள் எடுக்காமல் விடுவதுமாகவே இருந்தது. இப்போதும் கைக்குள் போன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்துவிட்டுத் துண்டித்தாள்.

சூப்பர்வைசர் ஜெபதாஸ் வேகமாக வந்தார். “இன்னாபா மாரி, தங்கச்சிய அனுப்ப மனசு வர்லியா? மொதல்ல கதவு டெஸ்ட்ட முடி, அப்பால குந்திகினு அழு.”

காரில் பொருத்தும் ரேடார்களை அந்த அறைக்குள்தான் சோதிப்பார்கள். சிக்னல் ஜெனரேட்டர் மிக மெல்லிய சிக்னலைக் கொடுக்கும். ரேடாரின் காதில் அது விழுகிறதா என்று பார்ப்பார்கள். வெளியிலிருந்து வேறு சிக்னல் துளி கசிந்தாலும் சோதனை கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் வேலை, உள்ளே ஒரு போனை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து அடித்துப் பார்ப்பது.

“கம்பெனி போனு சார்ஜ் இல்லாம செத்துக் கீது. உன் போனக் குடு.”

“என் போனா சார்?” மாரிராஜின் கை சட்டைப் பையை மூடிக்கொண்டது. “ஷிஃப்டுக்கு வேல்விழி வரட்டுமே. அவ போன வச்சுக்கலாம்.”

“அவ பஸ்ஸு படப்பையே தாண்டல. குடுய்யா, உன் ஆளு மெசேஜெல்லாம் நான் ஒண்ணும் படிக்க மாட்டேன்.”

ஜெபதாஸே பையிலிருந்து போனை எடுத்தார். உள்ளே போய் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக் கைப்பிடியை இறுக்கினார்.

“யம்மா, உன் அண்ணன் நம்பருதானே, நீயே அடி. போறப்ப கம்பெனிக்குக் கடைசியா ஒரு வேலை செஞ்சிட்டுப் போ. ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.”

அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண்குரல் பேசியது.

“இன்னொரு வாட்டி.”

மறுபடி அடித்தாள். அதே குரல்.

“சூப்பரு! கதவு டைட்டு” என்று ஜெபதாஸ் கட்டைவிரலை உயர்த்தினார். “இதுக்குள்ள போன வச்சா நாள் பூரா அடிச்சாலும் இந்தம்மா மட்டுந்தான் பேசும். என்னிக்கும் இப்டியேதான் கீது, ஒரு நாளு கூட லீக் ஆனதில்ல.” சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

மாரிராஜ் அவசரமாகக் கைப்பிடியைத் திருகினான். “சரி இசக்கி, நேரமாவுது. சித்தப்பா வெயில்ல நிக்காவ, கெளம்பு.”

அவள் நகரவில்லை. கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நான் அடிச்சப்ப முருகன் பாட்டு கேட்டுச்சுண்ணே.”