தலைவர் கன்னத்துத் தழும்பு

"தலைவரு சாவலடா! செத்தார்னா இந்த மீசைய எடுத்துர்றேன், போதுமா?"

குமாரவேல் சொல்லிவிட்டார். வாயை விட்டு வந்த வார்த்தையை இனி விழுங்க முடியாது.

அது சாதாரண மீசை இல்லை. பழைய நடிகர் எழில்வேந்தன் வைத்திருந்த அதே பென்சில் மீசை. ஐம்பது வருஷமாகக் குமாரவேலின் மூக்குக்குக் கீழே குடியிருக்கிறது. ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயராகி, தலை வழுக்கையாகி, பல் பாதி போன பிறகும் மீசைக்கு மட்டும் வாராவாரம் கறுப்பு மை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று தலையை மொட்டையடித்தவர், மீசையில் கத்தி பட விடவில்லை. "அப்பா போயிட்டாரு, தலைவரு கீறாரே" என்றார். சொந்தக்காரர்கள் காறித் துப்பாத குறை.

"மீசையா? எங்கிட்டயே கத்திரி கீது நைனா. பார்பர் செலவு மிச்சம்" என்றார் மஜீது.

மஜீதுக்கு ராயபுரத்தில் தையல் கடை. சுவரில் எழில்வேந்தனின் பரம எதிரியான நடிகர் கோமகனின் படம், சரிகை மாலையோடு. தோஸ்துகள் இருவரும் ஒரே டீயைப் பாதி பாதி குடிப்பார்கள். ஆனால் 'கலங்கரைச் சிங்கம்' படத்தின் பேரை எடுத்தால் கிளாஸ் பறக்கும். கடைசியில் ஹீரோ செத்துப்போகிறான் என்பார் மஜீது. ஜெயித்துச் சிரிக்கிறார் என்பார் குமாரவேல்.

"நம்ம ரத்னவேல் டாக்கீஸ்ல நூறு நாள் ஓடிச்சி. நான் அறுவத்தி மூணு வாட்டி பாத்தவன்டா! கலங்கர வெளக்கத்துல ஏறி, தலைவரு கைய ஆட்டிச் சிரிப்பாரு. வணக்கம்னு எழுத்து போட்டு முடிச்சிடுவான். நீ எங்க பாத்தே, சொல்லு?"

"எங்கியோ பாத்தேன். உனுக்கு இன்னா?"

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். கோமகன் ரசிகன் எதற்காக எதிரி படத்துக்குப் போனான் என்பதற்கும் பதில் கிடையாது. உடான்ஸ் விடுகிறான் என்று குமாரவேல் அதிலிருந்தே முடிவு கட்டியிருந்தார்.

இன்று தீர்ப்பு நாள். யாரோ ஒரு புண்ணியவான் முழுப் படத்தையும் யூடியூபில் ஏற்றிவிட்டான். செய்தி கொண்டுவந்த பாஸ்கர்தான் நடுவர். அந்த ரத்னவேல் டாக்கீஸிலேயே ஆபரேட்டராக இருந்தவர். டாக்கீஸ் இப்போது கன்டெய்னர் லாரி ஷெட்; பாஸ்கருக்கும் படம் ஓட்ட செல்போன்தான் மிச்சம்.

"எதுக்குப்பா இந்த பேஜாரு? வுட்டுடுங்களேன்" என்றார் பாஸ்கர்.

"ஜகா வாங்காதே பாஸ்கரு, போடு!" என்றார் குமாரவேல்.

போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்துவைத்து, கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளினார் பாஸ்கர். தலைவர் படியேறினார். குமாரவேல் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர் கட்டியது. தலைவர் திரும்பி, முகத்தைப் பெரிதாகக் காட்டினார்.

"இரு இரு! நிறுத்து!" என்று அலறினார் குமாரவேல். "தழும்பு எங்க?"

"இன்னா தழும்பு?" என்றார் மஜீது.

"எடது கன்னத்துல, காதுலேர்ந்து வாய் வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும்டா! அதப் பாத்துத்தானே நானும் பிளேடால கன்னத்துல கோடு போட்டுக்கினேன்! இது டூப்ளிகேட்டு பிரிண்ட்டு!"

மஜீது சிரிக்கவில்லை. "ஓட்டு" என்றார் பாஸ்கரிடம்.

தலைவர் கையை ஆட்டினார், சிரித்தார். வணக்கம் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு துப்பாக்கி வந்தது. 'டுமீல்'. தலைவர் அத்தனை படியிலும் உருண்டு, கடற்கரை மணலில் கண்மூடினார்.

குமாரவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பா செத்த அன்று வராத அழுகை இப்போது வந்தது.

"வா நைனா, மூஞ்சியக் காட்டு" என்று கத்திரியை எடுத்தார் மஜீது. "அறுவத்தி மூணு வாட்டி பாத்தியாம், பிசாத்து ரசிகன்!"

குமாரவேல் பாஸ்கரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானய்யா ஓட்டினே? உம் புள்ள மேல சத்தியமா சொல்லு. நான் பாத்தது பொய்யா?"

பாஸ்கர் மஜீதை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"பொய்யில்லப்பா. உனுக்கு டிக்கெட்டு கெடைக்காத அந்த மொத நாள் மொத ஷோவுல தலைவரு செத்தாரு. அதத் தாங்காம ஒரு பையன் மேடைல ஏறி, கத்திரியால திரையக் கிழிச்சிட்டான். பயந்துபோன ஓனரு, சாவுற பிலிம் துண்ட வெட்டிட்டு வணக்கம் போடச் சொன்னாரு. கிழிஞ்ச திரையத் தெச்சி நூறு நாள் ஓட்டினோம். நீ தழும்புன்னியே, அது தையலு."

"தையலா? அப்ப வில்லன் மூஞ்சிலயும் வுழுந்திருக்கணுமே?"

"எல்லார் மேலயும்தான் வுழுந்துச்சி. நீ தலைவர வுட்டு வேற யாரப் பாத்தே?"

"கிழிச்சவன் எவன்? அந்தக் கஸ்மாலத்த போலீசுல குடுக்கலியா?"

"ஓனரு நல்ல மனுசன். கிழிச்சவன் கையாலயே தெக்க வெச்சாரு. 'தலைவா, தலைவா'ன்னு தேம்பிக்கினே தெச்சான். சாவுற தலைவன் எனுக்கு வேணாம்னு அன்னிக்கே கோமகன் பக்கம் பூட்டான்."

குமாரவேல் மெதுவாகத் திரும்பினார். மஜீது கத்திரியைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, தடதடவென்று மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.