திரும்பாத கேமரா

பழைய கண்காணிப்புக் கேமராவின் படம் புதிய கம்ப்யூட்டரில் வரவேண்டுமென்றால், கம்பெனி எப்போதோ கைகழுவிய ப்ளகின் என்ற துணை மென்பொருளை ஏமாற்றித்தான் ஓடவைக்க வேண்டும். அதோடு மாரடித்து மெக்கானிக் ஓய்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஒருவழியாகத் திரையில் குடோன் தெரிந்தது. ஓரத்தில் கேமராவைத் திருப்பும் அம்புக்குறிகளும் இருந்தன. எல்லா மாடலுக்கும் ஒரே ப்ளகின் என்பதால் வந்தவை அவை; இதுவோ ஒரே பக்கம் பார்க்கும், திரும்பாத கேமரா. அசதியில் இடது அம்பைத் தட்டினார். படம் திரும்பியது. வெறும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கதவு தெரிந்தது.

“அக்கா, அங்க கதவு இருக்கா?”

பின்னால் நின்றிருந்த குடோன் முதலாளியம்மா திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். “இருந்துச்சு. செங்கல் வச்சு அடைச்சாச்சு. அந்தப் பக்கம் பாக்கவே கூடாதுன்னுதான் தம்பி, திரும்பாத கேமராவா கேட்டு வாங்கினேன்.”

படத்தைப் பழைய இடத்துக்கே திருப்ப மெக்கானிக் வலது அம்பை அழுத்தினார். படம் அசையவில்லை. கதவின் கைப்பிடி மட்டும் மெல்லக் கீழே இறங்கியது.