மணம் போன சீரகம்

"ஏம்மா, ஊர் உலகத்துல இல்லாத அதிசயமா, ஒரு வருஷச் சாமானையா ஒரேயடியா வாங்கி அடுக்குவாங்க?"

செருப்பைக் கழற்றிய கையோடு அக்கா நேராகச் சமையலறைக்குள் போய் நின்றாள். போன் போட்டு வரவழைத்ததே தம்பிதான். "இவ சமைக்கிறதை வாயில வைக்க முடியலக்கா. நீயே வந்து கேளு" என்று அவன் புலம்பியதில், அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். அக்காவுக்கு வாயும் நீளம், பாசமும் நீளம்.

தம்பி பெரிய ஹோட்டல் ஒன்றில் சமையல் மாஸ்டர். நடுவில் வந்த ஒரு விஷக் காய்ச்சல் ஆளை அடியோடு சாய்த்துவிட்டது. இப்போதுதான் எழுந்து நடமாடுகிறான். வருகிற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும்.

"சீசன்ல மொத்தமா வாங்கினா பாதிக்குப் பாதி மிச்சம் அண்ணி" என்றாள் அவன் மனைவி. "நல்லா வெயில்ல காய வச்சு, சூடு ஆறினப்புறம்தான் பாட்டில்ல போட்டேன். அடுப்புப் பக்கம் வைக்கறதில்ல. வாரத்துக்கு வேணுங்கறதை மட்டும் சின்ன டப்பாவுல எடுத்துப்பேன். ஈரக் கரண்டி படவே விடமாட்டேன்."

"கதை நல்லாத்தான் இருக்கு!" ஹாலிலிருந்து தம்பி கத்தினான். "சீரகமா அது? மரத்தூள்! ஏலக்காயைக் கசக்கினா வெறும் தோல்தான் மிச்சம். இருபது வருஷம் அடுப்பு முன்னாடி நின்னவன் நான். கஞ்சத்தனத்தை என்கிட்டயே காட்டறா!"

மனைவி உடனே ஒத்துக்கொண்டாள். "பழசாத்தான் போச்சுங்க. என் தப்புதான்" என்றாள்.

அது அக்காவுக்கு இன்னும் கடுப்பைக் கிளப்பியது. அலமாரியில் இருந்த பாட்டில்களை வரிசையாக எடுத்து ஒரு சாக்குப் பைக்குள் போட்டாள். எதையும் மூடி திறந்துகூடப் பார்க்கவில்லை.

"குப்பையில போடு இதையெல்லாம். உடம்பு தேறி வர்றவனுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போடத் துப்பில்ல. நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வர்றேன்."

"வேண்டாம் அண்ணி. தயவுசெஞ்சு வேண்டாம்."

"பதறாதே தாயே, என் காசுதான்!"

தெருமுனைக் கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கொத்தமல்லி, சீரகம், பட்டை, கிராம்பு. எல்லாமே அன்றைக்குக் காலையில் வந்து இறங்கிய சரக்கு.

தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

"நீ வறு அக்கா. எது பதமாச்சு, எது தீயப்போகுதுன்னு நான் இங்கேயிருந்தே சொல்றேன். திங்கட்கிழமைக்கு என் மூக்கும் ஒரு ஒத்திகை பார்த்துக்கட்டும்!"

அக்கா வாணலியை வைத்துக் கொத்தமல்லியைக் கொட்டினாள். சீரகத்தைப் போட்டதும் வாசனை குப்பென்று கிளம்பியது. பட்டையும் கிராம்பும் சேர்ந்ததும் வீடே மணத்தது. அக்காவுக்கே பசியெடுத்துவிட்டது.

"பார்த்தியா? சாமான்னா இப்படி இருக்கணும்" என்று மனைவியை இடித்துக் காட்டினாள்.

"என்ன அக்கா, இன்னும் அடுப்பே பத்த வைக்கலையா?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

அக்கா சிரித்தாள். "உன் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லடா."

"கிண்டல் பண்ணல, நிஜமாத்தான் கேக்கறேன். எவ்வளவு நேரமா மூக்கைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். சீக்கிரம் ஆரம்பி."

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அக்கா சாக்குப் பைக்குள் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தாள். சீரகம். கடையில் வாங்கி வந்ததைவிட ஒரு படி தூக்கலாகவே மணத்தது.

"டாக்டர் போன வாரமே சொல்லிட்டாரு அண்ணி" என்று அவள் காதோடு சொன்னாள். "காய்ச்சல்ல போன அவரோட மோப்பசக்தி இனிமே திரும்பாதாம். அவரை வெளியில உட்கார வச்சிட்டு என்கிட்ட மட்டும் சொன்னாரு."

"அடிப்பாவி! இதை அவன்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"எந்த வாயால சொல்லுவேன்? மூக்கும் நாக்கும்தானே அவரு பொழப்பு. சாமான்தான் மட்டம்னு நம்பிக்கிட்டிருக்காரு. என்னை நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியாத் தூங்கறாரு. இப்ப நீங்க வாங்கிட்டு வந்ததும் மணக்கலைன்னா, அவருக்கு எல்லாம் புரிஞ்சிடும் அண்ணி."

"திங்கட்கிழமை ஹோட்டல் அடுப்பு முன்னாடி நின்னா மட்டும் புரியாதா?"

"புரிஞ்சிடும். அப்புறம் நாங்க எப்படிப் பொழைக்கப் போறோம், அவரை எப்படித் தேத்தப் போறேன், எதுவுமே எனக்குத் தெரியல. அதுவரைக்குமாவது திட்டு என்னோட போகட்டும்."

அக்கா கையிலிருந்த பாட்டிலை மூடினாள். அவளும் தம்பியிடம் என்னத்தைச் சொல்லுவாள்? சின்ன வயதிலிருந்து கரண்டியைத் தவிர வேறெதையும் பிடித்து அறியாதவன். வாணலியில் எல்லாம் கருகத் தொடங்கியிருந்தது. அந்த நாற்றம் ஹால் வரைக்கும் போயிருக்கும்.

"அக்கா?" தம்பி டிவியை அணைத்திருந்தான். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "புதுச் சாமான்தானே வாங்கின?"

அக்கா அடுப்பை அணைத்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பழைய குரலிலேயே கத்தினாள்.

"வறுத்தே முடிச்சுட்டேன்டா, பேருக்குக்கூட ஒரு மணம் இல்ல! அந்தக் கடைக்காரன் நாசமாப் போக, என் தலையிலயும் பழசையே கட்டிட்டான்!"