இன்னொரு டம்ளர் மோர்

மகள் கேட்டைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"அம்மிணி, ரோட்டுல இறங்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க வர்ற நேரமுங்க" என்றார் மாநகராட்சி இன்ஜினியர்.

மகள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற உடம்பு. தையல் இன்னும் இழுக்கிறது. எதிர்வீட்டுக் கக்கூஸுக்குப் போய்விட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்று மகளுக்குப் பின்னால் நின்ற தாயிடம் சொன்னார். மகளிடம் நேராகச் சொல்ல வெட்கம் போலிருக்கிறது.

பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் கக்கூஸ் இல்லாமலா? இருக்கிறது. பிரசவத்துக்கு வருகிறவள் குத்தவைத்து உட்கார முடியாதே என்று புதிதாக வெஸ்டர்ன் வைத்து, சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டியது. யாரும் தொடாததால் இன்னும் பளபளவென்றே இருக்கிறது. ஃப்ளஷை ஒருமுறை அழுத்தினால் போதும். போனதெல்லாம் திரும்பி வரும். கூடவே பக்கத்து வீட்டுக்காரர்களுடையதும் பொங்கி வரும்.

எல்லாம் இந்த உறவு வந்த நாளிலிருந்துதான்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் ஊர். அந்த ஊரும் இந்த ஊரும் இனி அக்கா தங்கை என்று எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அங்கே எல்லாரும் சைக்கிளில்தான் போவார்களாம். அதனால் இவள் வீதிக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்து, புதுத் தார் போட்டு, ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்து, சைக்கிள் பாதை என்றார்கள். வீதியில் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. பால்காரர்கூட வண்டி வாங்கி வருஷமாகிறது. பெயரும் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. சிலிண்டர் கொண்டுவருபவர் "அந்தப் பச்ச ரோடுதானுங்களே?" என்று போனில் கேட்கிறார்.

தார் போட்டவர்கள் பாதாளச் சாக்கடை மூடியின் மேலேயும் போட்டுவிட்டார்கள்.

அடைப்பு எடுக்க வந்த ஆட்கள் கம்பியால் தட்டித் தட்டி மூடியைத் தேடினார்கள். ரோட்டைத் தோண்டினால்தான் கிடைக்கும் என்றார்கள். தோண்டக் கூடாது, விருந்தாளிகள் முதலில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார் இன்ஜினியர். விருந்தாளிகளோ வருகிறோம், வருகிறோம் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள்.

எதிர்ச்சாரிக்கு வேறு குழாய். அங்கே எதிர்வீட்டுத் தெய்வாத்தா முகம் சுளிக்காமல் கதவைத் திறந்துவிட்டாள். மகள் பச்சை உடம்போடு வெயிலிலும் மழையிலும் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

இன்றைக்கு அதுவும் கூடாது.

கார்கள் வந்து நின்றன. மேளம் கொட்டியது.

வீதியின் பெயர்ப்பலகை அவள் வீட்டுச் சுவரில்தான் இருந்தது. அதனால் பந்தலும் அங்கே. விருந்தாளிகளுக்கு மோர் கொடுக்கிற வேலையும் அவளுக்கு.

முதலில் இறங்கியவர் அந்த ஊர் மேயரம்மாள். அறுபது வயதிருக்கும். வெயிலில் மூக்கு சிவந்துபோயிருந்தது. மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடி ரசித்தார். இரண்டாவது டம்ளரையும் தானே கேட்டு வாங்கினார்.

அவள் மூன்றாவதை ஊற்றினாள்.

பேச்சு தொடங்கியது. நட்பு என்றார்கள். உறவு என்றார்கள். மொழிபெயர்க்கும் பெண் அதையெல்லாம் திரும்ப ஒருமுறை சொன்னாள். மேயரம்மாளின் டம்ளர் காலியாகக் காலியாக அவள் ஊற்றிக்கொண்டிருந்தாள். போதும் என்று கையை ஆட்டியபோதும் ஊற்றினாள். கொடுத்ததை மீதி வைத்தால் மரியாதை இல்லை என்று அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்.

பாவமாகத்தான் இருந்தது. நல்ல மனுஷி. தார் போடச் சொன்னது அவரில்லை.

ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இன்னொரு டம்ளர் ஊற்றினாள்.

மாநகராட்சி கமிஷனர் பேச எழுந்தபோது மேயரம்மாள் கால் மாற்றி உட்கார்ந்தார். பிறகு மறுபடி மாற்றினார். பிறகு மொழிபெயர்க்கும் பெண்ணின் காதில் எதையோ சொன்னார். அந்தப் பெண் எழுந்து இன்ஜினியரிடம் போனாள்.

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. கார் தயாராக இருக்கிறது, ஹோட்டல் பக்கத்தில்தான் என்று இழுத்தார். மேயரம்மாள் முடியாதென்று வேகமாகத் தலையை ஆட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் வாசற்கதவை அகலத் திறந்தாள். மேயரம்மாளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். விளக்கைப் போட்டாள். பளபளக்கும் டைல்ஸைப் பார்த்து அந்த அம்மாள் திரும்பத் திரும்ப நன்றி சொன்னார். உள்ளே தாழ் விழுந்தது.

"அம்மா..." என்றார் வாசல்வரை ஓடிவந்த இன்ஜினியர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நீ போயிட்டு வா சாமி. இப்ப யாரும் தடுக்க மாட்டாங்க."

மகள் கேட்டைத் தாண்டி, பச்சைப் பெயிண்டை மிதித்துக்கொண்டு, மெல்ல ரோட்டைக் கடந்தாள். கமிஷனர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளே ஃப்ளஷை அழுத்தும் சத்தம் கேட்டது.