தொங்கினால் கொன்றை

"மஞ்சள் பூ கீழ தொங்கினா?"

"கொன்றை."

"நிமிர்ந்து நிண்டா?"

"இயல்வாகை."

"இலை பொடிப்பொடியா இருந்தா?"

"அதுவும் இயல்வாகை. நீளக் காய் தொங்கினா கொன்றை. போதும் ராத்தா, தலை வெடிக்குது!"

ஓட்டோ கிண்ணியாப் பாலத்தில் ஏறியும் சனூஸா தம்பி றுவைஸை விடுவதாயில்லை. பார்க்கப் போகிற பெண் பஹ்மியாவுக்குப் பூமரம் என்றால் உயிராம். கலியாணப் புரோக்கர் ஸெய்னுதீன் சொல்லியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் றுவைஸுக்கோ மரம் என்றால் நிழல், அவ்வளவுதான். ஆனால் பஹ்மியாவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காக எதையும் பாடமாக்கத் தயாராயிருந்தான்.

பெண் வீட்டில் தேத்தண்ணி குடித்து முடிந்ததும் அவளுடைய வாப்பா, "ரெண்டு பேரும் முத்தத்தில நிண்டு கொஞ்சம் கதையுங்க" என்றார். சனூஸா வாசலில் கதிரையைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தாள்.

முற்றத்து மரம் முழுக்க மஞ்சள் பூ.

"இது என்ன மரமெண்டு தெரியுமா?" பஹ்மியாவின் குரல் லேசாக நடுங்கியது.

சோதனை தொடங்கிவிட்டது! றுவைஸ் அண்ணாந்து பார்த்தான். பூ தொங்கியது, அப்படியென்றால் கொன்றை. இலையோ பொடிப்பொடியாக இருந்தது, அப்படியென்றால் இயல்வாகை. பூவை நம்புவதா, இலையை நம்புவதா? பதில் பிழைத்தால் பெண் கைவிட்டுப் போய்விடுவாள். ராத்தாவைப் பார்த்தான். அவளும் முழித்தாள்.

அந்த நேரம் பார்த்து, இலைகளுக்கு நடுவே ஒரு நீளக் காய் கண்ணில் பட்டது. அல்லாஹ் காப்பாற்றினான்!

"கொன்றை!" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. "பூ எப்பிடிச் சரம் சரமாத் தொங்குது பாருங்க! இப்பிடி ஒரு நல்ல சாதிக் கொன்றைய நான் எங்கயும் கண்டதில்ல."

பஹ்மியா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வந்தவர்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, குசினி ஜன்னலிலிருந்து பஹ்மியாவின் உம்மா சத்தம் போட்டாள்.

"மகள், கறிக்கு ரெண்டு முருங்கைக்காய் ஆய்ஞ்சு தாங்க! விடியக் கட்டின பிளாஸ்ரிக் பூ கழண்டு விழாமப் பாத்து ஆயுங்க!"

பஹ்மியா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உங்களுக்குப் பூமரமெண்டா உசிர் எண்டு புரோக்கர் சொன்னவர்... எனக்குத் தெரிஞ்ச மரம் இந்த முருங்கை ஒண்டுதான்!"