இறால் தின்ற குற்றம்

“இந்தக் கொலைகாரனை நீங்களே வச்சுக்குங்க!”

ரஞ்சுவான் கண்ணாடிச் சீசாவைக் கடைப் பலகையில் ணங்கென்று வைத்தாள். உள்ளே இருந்த நீலநிறப் பெட்டா மீன் மிரண்டுபோய்ச் செவுளை விரித்தது. பாங்காக் மீன் சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னக்கா ஆச்சு?” என்றார் கடைக்காரர் புன்லெர்ட்.

“இறாலோட சேத்து வளக்கலாம், ரொம்ப சாதுன்னு சொல்லித்தானே என் தலையில கட்டினீங்க? தொட்டி நிறைய கண்ணாடி இறால் விட்டேன். இந்த ஒரே வாரத்துல ஒண்ணுகூட பாக்கியில்ல!”

“ஒளிஞ்சுக்கப் பாசி போட்டீங்களா?”

“பாசியா? காடே வளத்து வச்சிருக்கேன்!”

“செத்த இறாலோட ஓடு, தலை ஏதாச்சும் கிடந்துச்சா?”

“மீசைகூட மிச்சமில்ல. அப்படி ஒரு பெருந்தீனி!”

புன்லெர்ட் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “அவ்வளவும் தின்னிருந்தா வயிறு ஊதிப்போயிருக்குமே. இது ஒட்டிக் கிடக்கு பாருங்க.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

ரஞ்சுவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குஞ்சு பொரித்ததற்கெல்லாம் சந்தோஷப்பட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்த உயிர்கள். நியாயம் கேட்க வந்தால் தன்னையே குற்றவாளி ஆக்குகிறாரே, இந்த ஆள்!

“கோவிச்சுக்காம யோசிங்கக்கா. இறால்தின்னின்னு பட்டம் வாங்கின மீனை யாரும் வீட்டுக்கு எடுக்க மாட்டாங்க. மீன்களை மோதவிடுற பந்தயக்காரங்கதான் எடுப்பாங்க. இது சண்டைக்குப் பழகாத மீன். விட்டா கிழிஞ்சுடும்.”

“கிழியட்டும்! என் இறாலுங்க பாவம் சும்மா விடுமா?”

பக்கத்தில் நின்ற பந்தயக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சீசாவைக் கையில் எடுத்தார். ரஞ்சுவான் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில், போன வாரம் கோன்கேன் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த மாமனார் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“வெயில்ல எங்கம்மா போய்ட்டு வர்றே?”

“அந்தத் திருட்டு மீனைத் தலைமுழுகிட்டு வந்தேன் மாமா. பந்தயக்காரன் கொண்டுபோய்ட்டான். தொட்டியில இருந்த அத்தனை இறாலையும் தின்னு தீத்துடுச்சு, படுபாவி!”

வாய்க்குப் போன சோற்று உருண்டை பாதியில் நின்றது.

“அடக் கொடுமையே! ஊர்லேர்ந்து வர்ற மாமனாருக்குப் பிடிக்குமேன்னு நீதான் உயிரோட வாங்கி விட்டிருக்கேன்னு இல்ல நான் நெனச்சேன்! எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாய் தூவி, நம்ம ஊர்ப் பக்குவத்துல பச்சையா, துள்ளத் துள்ள நான் கலந்து வச்ச இறாலெல்லாம் சந்தையில வாங்கினதுன்னா நெனச்சே? நேத்து நீயே ‘இன்னும் கொஞ்சம் போடுங்க மாமா’ன்னு ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டியேம்மா!”